அடுக்களை வானொலியும் காதுக்குள் வானொலியும்: எச்ஐவி தடுப்பை இளையரிடம் தமிழில் பேச

சிங்கப்பூரின் தமிழ் வானொலியான ஒலி 96.8 பல வீடுகளில் அடுக்களையில்தான் பாடுகிறது. காலையில் காப்பி கலக்கும் அம்மா வைத்த நிலையத்தை யாரும் மாற்றுவதில்லை. 17 வயது மகனும் அதைக் கேட்டுக்கொண்டேதான் காலுறை மாட்டுகிறான். பேருந்தில் ஏறியதும் காதில் இயர்பட் ஏறிவிடும். அதில் ஓடுவது அவனாகத் தேர்ந்தெடுத்தது, வீட்டில் யாருக்கும் தெரியாதது. எச்ஐவி தடுப்பைப் பற்றித் தமிழில் வானொலி நிகழ்ச்சி செய்ய நினைப்பவர்கள் இந்த இரண்டு கேட்புகளையும் தனித்தனியாகக் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரே நிகழ்ச்சியை இரண்டுக்கும் கொடுக்கப் பார்த்தால், அம்மா பக்கத்தில் இருக்கும்போது கேட்க முடியாத அளவுக்கு வெளிப்படையாகிவிடும். அல்லது மகனுக்கு எதற்கும் உதவாத அளவுக்கு மழுப்பலாகிவிடும். தமிழில் வந்த பெரும்பாலான விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் இரண்டாவது குழியில்தான் விழுந்திருக்கின்றன.

ஆகவே ஒரே கதையை இரண்டு வடிவில் திட்டமிடலாம். அலைவரிசையில் போவது 12 நிமிட நாடகம்: உறவு, தயக்கம், பரிசோதனைக்குப் போக எடுக்கும் முடிவு, வீட்டில் பேச்சைத் தொடங்குவது. அதன் தொடர்ச்சியாகச் செயலியிலும் பாட்காஸ்டிலும் 7 அல்லது 8 நிமிடத் துண்டு: ஆணுறையைப் போடும் முறை, எந்த மருந்து, எத்தனை மணி நேரத்துக்குள், எந்த நாளில் பரிசோதனை. நாடகத்தின் முடிவில் அறிவிப்பாளர் “மருத்துவர் தந்த முழு விளக்கம் செயலியில் இருக்கிறது” என்று ஒரே வாக்கியம் சொன்னால் போதும். அடுக்களையில் யாருக்கும் சங்கடமில்லை. போக வேண்டியவருக்கு வழி தெரிந்துவிடும். அம்மாவும் போய்க் கேட்டால் இன்னும் நல்லது.

சிங்கப்பூரில் முதல் எச்ஐவி தொற்று 1985ல் கண்டறியப்பட்டது. ஆக்‌ஷன் ஃபார் எய்ட்ஸ் அமைப்பு 1988ல் தொடங்கியது. பள்ளிகளில் பாலியல் கல்வி நடக்கிறது. உயர்நிலை மூன்றாம் ஆண்டில் சுகாதார மேம்பாட்டு வாரியமும் கல்வி அமைச்சும் சேர்ந்து நடத்தும் இ-டீன்ஸ் நிகழ்ச்சி உண்டு. பெற்றோர் விரும்பாவிட்டால் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம். அதெல்லாம் ஆங்கிலத்தில் நடப்பது. வீட்டுக்கு வந்தால் இந்தப் பேச்சுக்குத் தமிழே இல்லை. அப்பா, அம்மாவுக்குத் தெரிந்த தமிழ் எய்ட்ஸ் செய்தி பெரும்பாலும் 2000களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுச் சுவர்களில் பார்த்த “புலிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?” என்ற கேள்விதான். அந்த விளம்பரம் ஆவலைத் தூண்டியதில் பெரும் வெற்றி பெற்றது. ஆனால் இன்று யாரிடம் கேட்டாலும் புலிராஜா நினைவில் இருப்பார், அவர் என்ன செய்திருக்க வேண்டும் என்பது நினைவில் இருக்காது. கேள்வியைப் போலவே விடையும் ஒரு மூச்சில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதை வானொலிக்கு எழுதுபவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே பலரைத் தடுப்பது அறியாமை மட்டுமல்ல. பெயர் வெளியே போய்விடும் என்ற பயம். 2019 ஜனவரியில், எச்ஐவி பதிவேட்டிலிருந்து 14,200 பேரின் விவரங்கள் இணையத்தில் கசிந்தது தெரியவந்தது. அவர்களில் 5,400 பேர் சிங்கப்பூரர்கள், 8,800 பேர் வெளிநாட்டினர். “ரகசியம் காக்கப்படும்” என்று அறிவிப்பாளர் சொல்லும்போது நேயர் மனத்தில் இந்தச் செய்திதான் ஓடும். அதனால் வெறும் உறுதிமொழி எடுபடாது. பெயரோ அடையாள அட்டை எண்ணோ கேட்காத பரிசோதனை, பால்வினை நோய்களுக்கான டிஎஸ்சி மருந்தகத்திலும் (கிளினிக்) சில தனியார் மருந்தகங்களிலும் இருக்கிறது என்பதைச் சொல்லி, உள்ளே போனதும் என்ன நடக்கும் என்று ஒலியாகவே காட்டிவிட வேண்டும்: கதவு திறக்கிறது, ஒரு எண் தரப்படுகிறது, அந்த எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், முடிவும் அந்த எண்ணுக்குத்தான். இந்த 40 விநாடிக் காட்சிக்கு மருந்தக ஊழியர் ஒருவரை உட்கார வைத்து வரிக்கு வரி சரிபார்க்க வேண்டும். வானொலியில் கேட்டது ஒன்று, போன இடத்தில் நடந்தது வேறு என்றால் அந்த இளையர் மறுபடி வரமாட்டார், நண்பர்களையும் வரவிடமாட்டார்.

ஒரு அத்தியாயம், ஒரு செயல்

12 நிமிடத்தில் எச்ஐவி பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட ஆசைப்படுவதுதான் முதல் தவறு. ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் முன்னால் ஒரு தாளில் ஒரே ஒரு வினைச்சொல்லை எழுதி வையுங்கள்: “போ”, “எண்ணு”, “கேள்”, “பார்”. கேட்பவர் அந்த வாரமே செய்யக்கூடிய ஒன்று. கதையில் அந்தச் செயலுக்கு உதவாத காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் வெட்டிவிடலாம். எட்டு அத்தியாயங்கள் இருந்தால் எட்டுச் செயல்கள். அதற்கு மேல் காதில் தங்காது.

எடுத்துக்காட்டாக, ஆபத்தான உறவுக்குப் பின் எடுக்கும் அவசர மருந்து. இதை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், 28 நாள் விடாமல் எடுக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. இதை மருத்துவர் பேட்டியாகச் சொன்னால் தகவலாகக் காதைக் கடந்து போகும். நாடகத்தில் ஒரு பாத்திரம் மணியை எண்ணிக் காட்டினால் கேட்பவரும் தன் மணியை எண்ணத் தொடங்குவார்:

தம்பி: அக்கா, தூங்கிட்டியா?

அக்கா: நைட் ஷிஃப்ட் முடிஞ்சு இப்பதான் வந்தேன். சொல்லு.

தம்பி: என் ஃபிரெண்டுக்கு ஒரு பிரச்சினை. வெள்ளிக்கிழமை நைட்டு… காண்டம் கிழிஞ்சிருச்சாம்.

அக்கா: (சற்று மௌனம்) எத்தனை மணிக்கு?

தம்பி: ஒரு மணி இருக்கும்.

அக்கா: அப்ப அது சனிக்கிழமை விடியக்காலை. இன்னிக்குத் திங்கள், மணி ஏழு. அம்பத்தி நாலு மணி நேரம் ஆச்சு. மூணு நாளைக்குள்ள, எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ள மருந்து ஆரம்பிக்கணும். இன்னும் பதினெட்டு மணி நேரம் இருக்கு. கிளம்பு, நானும் வர்றேன்.

தம்பி: ஃபிரெண்டுக்குன்னு சொன்னேனே…

அக்கா: சரி, ஃபிரெண்டையும் கூட்டிட்டு வா. எனக்கு உன் கூட வரணும், அவ்வளவுதான்.

அக்கா திட்டவில்லை, “ஏன்டா இப்படி” என்று கேட்கவும் இல்லை. வீட்டில் கேட்கும் அம்மாக்களுக்கும் அக்காக்களுக்கும் இது ஒரு மாதிரி. பிள்ளை ஒருநாள் இப்படி வந்து நின்றால் முதல் வாக்கியம் என்னவாக இருக்கலாம் என்பதை அவர்கள் ஒத்திகை பார்த்துக்கொள்கிறார்கள். எண்ணை “மூணு நாள்” என்றும் “எழுபத்திரண்டு மணி” என்றும் இரண்டு விதமாகச் சொல்வதற்கும் காரணம் உண்டு. பாத்திரம் கழுவும் சத்தத்தில் எழுபத்திரண்டும் இருபத்திரண்டும் ஒன்றாகத்தான் விழும்.

காதுக்கு மட்டுமே உரிய இன்னொரு சிக்கல்: தொற்று வராமலிருக்க முன்கூட்டியே எடுக்கும் மாத்திரை பிரெப், பின்னால் எடுக்கும் அவசர மருந்து பெப். அச்சில் வேறுபாடு தெரியும். வானொலியில் தெரியாது. இரண்டையும் ஒரே அத்தியாயத்தில் வைக்கவே கூடாது. பெப் வரும் இடத்தில் “நடந்த பிறகு எடுக்கும் அவசர மருந்து” என்று ஒவ்வொரு தடவையும் சேர்த்துச் சொல்லட்டும். பிரெப்புக்குத் தனி அத்தியாயம் வேண்டும். அதில் டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபின் என்ற இரு மருந்துகள் சேர்ந்த மாத்திரை பரவலாகப் பயன்படுகிறது. தொடங்கும் முன் எச்ஐவி இல்லை என்பதையும் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்பதையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். எடுக்கும் காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும். சிஃபிலிஸ், கொனோரியா போன்ற மற்றப் பால்வினை நோய்களை அது தடுக்காது. இந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டால் நிகழ்ச்சி நல்லதைவிடக் கெட்டதை அதிகம் செய்யும்.

செயலியில் மட்டும் போகும் துண்டுகளில் ஆணுறை பற்றிய துண்டுதான் எழுதக் கடினமானது, ஏனென்றால் எதையும் காட்ட முடியாது. ஒலியை வரிசையாக அடுக்க வேண்டும். உறையின் மேல் காலாவதி நாளைப் படிப்பது. பல்லாலும் கத்தரியாலும் கிழிக்காமல், ஓரத்திலிருந்து விரலால் கிழிக்கும் ஓசை. நுனியைக் கிள்ளிக் காற்றை வெளியேற்றி, சுருள் வெளிப்பக்கம் இருக்கிறதா என்று பார்த்து அடிவரை உருட்டுவது. முடிந்ததும் விறைப்பு குறையும் முன் அடியைப் பிடித்துக்கொண்டே வெளியே எடுப்பது. ஒவ்வொரு படிக்கும் இடையில் மூன்று விநாடி இடைவெளி விட வேண்டும். கேட்பவர் மனத்தில் கைகள் அசைய அந்த நேரம் தேவை. இதோடு தமிழ் வீடுகளுக்கென்றே சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது: தேங்காய் எண்ணெய். எல்லா வீட்டிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது அதுதான். லேட்டெக்ஸ் ஆணுறையை எண்ணெய் பலவீனப்படுத்திக் கிழித்துவிடும்; வாசலினும் அப்படியே. தண்ணீர் அல்லது சிலிக்கான் அடிப்படையிலான வழவழப்பிதான் சரி. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போட்டால் உராய்வில் இரண்டுமே கிழியலாம். நம் ஊர்ச் சூட்டில் பணப்பையிலும் மோட்டார் சைக்கிள் பெட்டியிலும் மாதக்கணக்கில் வைத்ததை நம்பக் கூடாது.

பரிசோதனையின் நாள்கணக்கும் அடிக்கடி தவறாகச் சொல்லப்படும் விஷயம். நேற்று நடந்ததற்கு இன்று பரிசோதித்து “இல்லை” என்று வந்தால் அது நேற்றையதைப் பற்றி எதுவும் சொல்லாது. நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் செய்யும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை, தொற்று ஏற்பட்ட 18 முதல் 45 நாளுக்குள் கண்டுபிடிக்கும். விரல் நுனி ரத்தத்திலோ வாய்த் திரவத்திலோ எதிர்ப்பொருளைத் தேடும் விரைவுப் பரிசோதனைக்கு 23 முதல் 90 நாள் ஆகும். இந்த நான்கு எண்களையும் வாசித்தால் யாருக்கும் தங்காது. “நடந்த தேதியைக் கைபேசி நாள்காட்டியில் குறி. ஆறரை வாரம் தள்ளி ஒன்று, மூன்று மாதம் தள்ளி இன்னொன்று குறி. முதல் நாள் ஆய்வகப் பரிசோதனைக்கு, இரண்டாவது விரைவுப் பரிசோதனைக்கு” என்றால் தங்கும். ஓராகுவிக் போன்ற சுயபரிசோதனைச் சாதனத்தைப் பற்றிச் சொல்வதானால் மூன்று விவரம் முக்கியம்: சாப்பிட்டு அல்லது குடித்து 15 நிமிடம், பல் துலக்கியிருந்தால் 30 நிமிடம் கழித்தே எடுக்க வேண்டும், முடிவை 20வது நிமிடத்திலிருந்து 40வது நிமிடத்துக்குள் படிக்க வேண்டும், இரண்டு கோடு வந்தால் அதை முடிவாகக் கொள்ளாமல் மருந்தகத்தில் உறுதிப்படுத்த வேண்டும்.

பயமுறுத்தும் நாடகம் ஏன் தோற்கிறது

சாவு மேளம், அழுகை, எலும்பும் தோலுமான உடல். இவற்றை வைத்து எழுதுவது சுலபம், அதனால்தான் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். பயந்த இளையர் செய்வது ஒன்றுதான்: பரிசோதனையைத் தள்ளிப்போடுவது. முடிவு சாவு என்றால் தெரிந்துகொண்டு என்ன பயன்? உண்மை நிலை வேறு. மருந்தை ஒழுங்காக எடுப்பவர் மற்றவர்களைப் போல நீண்ட நாள் வாழலாம். ரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு இறங்கி அப்படியே நிலைத்திருந்தால் உடலுறவின் வழியே தொற்று பரவாது. இங்கே 2020 செப்டம்பரிலிருந்து எச்ஐவி மருந்துகளுக்கு அரசாங்க மானியமும் உண்டு. பயத்துக்கு ஒதுக்கும் நிமிடங்களை இதற்குக் கொடுக்கலாம்.

நாடகத்தின் வலிமைக்குத் தான்சானியாவில் நல்ல சான்று இருக்கிறது. 1993ல் அங்கே ‘ட்வெண்டே நா வகாத்தி’ என்ற வானொலித் தொடர் தொடங்கியது. டொடோமா பகுதியில் மட்டும் 1995 வரை அதை ஒலிபரப்பாமல் வைத்து, மற்றப் பகுதிகளோடு ஒப்பிட்டார்கள். தொடர் ஒலித்த இடங்களில் பாலியல் துணைகளின் எண்ணிக்கை குறைந்ததும் ஆணுறைப் பயன்பாடு கூடியதும் தெரிந்தது. அதன் லாரி ஓட்டுநர் முக்வாஜு பல பெண்களோடு பழகி எச்ஐவி தொற்றுக்கு ஆளாகிறான். மனைவி டுனு மெல்ல மெல்லத் தன் காலில் நிற்கப் பழகுகிறாள். மெக்சிகோவின் மிகேல் சபீதோ 1970களில் வகுத்த முறை இது: ஒரு நல்ல மாதிரி, ஒரு கெட்ட மாதிரி, நடுவில் தடுமாறி மாறும் ஒருவர். நேயர் பற்றிக்கொள்வது அந்த நடுப் பாத்திரத்தைத்தான்.

ஆனால் அந்தத் தொடர் ஆண்டுக்கணக்கில் ஓடியது. எட்டு வாரத்தில் ஒரு மனிதர் மனம் மாறுவதாகக் காட்டினால் நம்ப முடியாது. குறுந்தொடரில் மனமாற்றத்தை விட்டுவிட்டு ஒற்றை முடிவுகளைக் காட்டுங்கள். பாலிடெக்னிக்கில் படிக்கும் பெண் காதலனிடம் “நாம ரெண்டு பேரும் டெஸ்ட் எடுத்துட்டு வரலாமா?” என்று கேட்பது. தேசிய சேவையில் இருப்பவன் முகாமில் நண்பன் சொன்ன பொய்யைத் திருத்துவது. பாத்திரங்கள் பேசும் மொழி இங்குள்ள இளையர் பேசும் மொழியாக, பாதி ஆங்கிலம் கலந்ததாகவே இருக்கட்டும். 19 வயதுப் பாத்திரத்துக்கு 19 வயதுக் குரல் வேண்டும். 40 வயதுக் கலைஞர் குரலை ஒடுக்கிப் பேசினால் முதல் நொடியிலேயே இயர்பட் வேறு பக்கம் போய்விடும்.

அளவுகள்: செந்தமிழில் வாசித்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 90 முதல் 110 சொல். தமிழ்ச் சொற்கள் நீளமானவை; ஆங்கில உரையின் சொல்லெண்ணிக்கையை வைத்துக் கணக்கிட்டால் 30 விநாடி விளம்பரம் 45 விநாடியாக வந்து நிற்கும். 30 விநாடிக்கு 50 சொல்லுக்கு மேல் எழுத வேண்டாம். ஒரு காட்சியில் மூன்று குரலுக்கு மேல் வேண்டாம். யார் யாரிடம் பேசுகிறார் என்பது முதல் பத்து விநாடியில் அக்கா, மாமா, டேய் என்ற விளிகளாலேயே தெரிந்துவிட வேண்டும். வீட்டில் பதிவதானால் துணி நிறைந்த அலமாரி இருக்கும் படுக்கையறை, டைனமிக் மைக், வாயிலிருந்து ஒரு சாண் தூரம், குளிரூட்டி அணைப்பு. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிந்து, உச்ச ஒலியைப் பூச்சியத்திலிருந்து 12 டெசிபல் கீழே வைத்திருங்கள். அழுகைக் காட்சியில் குரல் திடீரென்று எகிறும்போது உடையாமலிருக்க அந்த இடம் தேவை. இவை எல்லாமே சரியாக அமைந்தும் உரை மோசமாக இருந்தால் பயனில்லை. ஒலித் தரத்தைவிட உரையை மூன்று பேர் படிப்பது முக்கியம்: எச்ஐவி சிகிச்சையில் இருக்கும் மருத்துவர் அல்லது தாதி ஒருவர், தொற்றோடு வாழும் ஒருவர், 18 முதல் 21 வயதுக்குள் இருக்கும் ஒருவர். மூன்றாமவர் “இப்படி யாரும் பேசமாட்டாங்க” என்று சொன்னால் விவாதிக்காமல் மாற்றுங்கள்.

நேயர்களின் கேள்விகள்

நேரலையில் அழைப்பெடுப்பது இந்தத் தலைப்புக்குப் பொருந்தாது என்பது எங்கள் உறுதியான கருத்து. ஒலிபரப்பில் ஏழு விநாடித் தாமதமும் வெட்டும் பொத்தானும் இருந்தாலும், ஒருவர் ஏழு விநாடிக்குள் தன் பெயரையோ இன்னொருவர் பெயரையோ எந்த வார்த்தைக்கு நடுவில் சொல்வார் என்று முன்கூட்டித் தெரியாது. ஒருமுறை வெட்டியபின் தாமதம் மறுபடி சேர்வதற்குள் அடுத்த பெயர் வந்தால் பாதுகாப்பே இல்லை. இங்குள்ள தமிழ்ச் சமூகம் சிறியது. குரலை வைத்தே “அது நம்ம கீழ்வீட்டு…” என்று அடையாளம் கண்டுவிடுவார்கள்.

கேள்விகளை முன்னதாகச் சேகரியுங்கள். வாட்ஸ்அப் வேண்டாம்: அனுப்புபவரின் எண்ணும் சுயப்படமும் கூடவே வந்துவிடும். பெயர், மின்னஞ்சல், உள்நுழைவு எதுவும் கேட்காத இணையப் படிவம் ஒன்று போதும். இளையர் நிகழ்ச்சிகளில் காகிதப் பெட்டியும் வைக்கலாம், ஆனால் எல்லாருக்கும் தாள் கொடுத்து எல்லாரையும் ஏதாவது எழுதிப் போடச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் பேனா எடுப்பவர் மட்டும் தனியாகத் தெரிவார். கேள்வியை வேறொருவர் குரலில் வாசியுங்கள். அதற்கு முன் விவரங்களைக் களையுங்கள். “யீஷூன், 22 வயது, கணவர் கப்பலில் வேலை” என்ற மூன்றே விவரத்தில் ஒரு பெண் பிடிபட்டுவிடுவார். “இருபதுகளில் இருக்கும் ஒரு பெண் கேட்கிறார்” என்றால் கேள்வி அப்படியே இருக்கும், ஆள் தெரியமாட்டார்.

வரும் கேள்விகளில் கொசு, கழிப்பறை, உணவங்காடித் தட்டு, முடிதிருத்தும் கத்தி கட்டாயம் இருக்கும். சிரிக்காமல், சலிக்காமல் ஒவ்வொரு பருவத்திலும் பதில் சொல்லுங்கள். ரத்தம், விந்து, யோனித் திரவம், ஆசனவாய்த் திரவம், தாய்ப்பால் ஆகியவற்றின் வழியாகத்தான் பரவும். கொசு, எச்சில், தட்டு, கட்டியணைப்பு வழியாகப் பரவாது. ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களின் கேள்விகளும் வரும். ஆண்களுக்கிடையிலான உடலுறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை நீக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2022 நவம்பரில் நிறைவேற்றியது. ஆனாலும் ஒலிபரப்பு விதிகள் இந்தப் பொருளில் எச்சரிக்கையை எதிர்பார்க்கின்றன, வீடுகளும் அப்படித்தான். ஆளைப் பற்றிப் பேசாமல் செயலைப் பற்றிப் பேசினால் எல்லார்க்கும் பயன்படும். ஆசனவாயின் உட்தோல் மெல்லியது, எளிதில் கீறும், அதனால் ஆணுக்கும் பெண்ணுக்கும் அந்த வகை உறவில் ஆபத்து அதிகம், ஆணுறையோடு வழவழப்பியும் வேண்டும் என்பது செயலித் துண்டில் தெளிவாக, மரியாதையோடு சொல்லக்கூடிய செய்திதான்.

தொற்றோடு வாழும் ஒருவர் பேச முன்வந்தால் அது நிகழ்ச்சிக்குக் கிடைக்கும் பெரிய கொடை. அவர் குரலைக் கணினியில் தடிமனாக்கிப் போடுவதை நம்பாதீர்கள்; சுருதியை மட்டும் மாற்றிய குரலை அதே வழியில் திருப்பி எடுத்துவிடலாம், பேசும் பாணியோ மாறவே மாறாது. அவர் சொன்னதை எழுதி, அவரிடமே படித்துக் காட்டி, வேறொரு கலைஞர் குரலில் பதிந்து, “குரல் மாற்றப்பட்டுள்ளது” என்று அறிவித்துவிடுங்கள். மூலப் பதிவை அவர் முன்னிலையிலேயே அழிக்க வேண்டும். கோப்பின் பெயரில்கூட அவர் பெயர் இருக்கக் கூடாது. பாட்காஸ்டிலிருந்து பிறகு நீக்கலாம், அலைவரிசையில் போனதைத் திரும்பப் பெற முடியாது என்பதை ஒப்புதல் வாங்கும் முன்பே சொல்லுங்கள்.

சட்டம் தொடர்பான இரண்டு இடங்களில் வழக்கறிஞர் கண் பட வேண்டும். இங்கே உடலுறவுக்குச் சம்மதம் தரக்கூடிய வயது 16. அதற்குக் கீழ் இருப்பவர் தனக்கு நடந்ததைப் படிவத்தில் எழுதினால் என்ன செய்வது, யாரிடம் கொண்டுபோவது என்பதை முதல் ஒலிபரப்புக்கு முன்பே ஆலோசகரோடு முடிவு செய்து, படிவத்தின் தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டாவது, தொற்று இருப்பது தெரிந்தவர் உறவுக்கு முன் துணையிடம் சொல்ல வேண்டும் என்பது தொற்றுநோய்ச் சட்டத்தின் விதி. சிகிச்சையால் வைரஸ் அளவு கண்டறிய முடியாதபடி நிலைத்திருப்பவர்களுக்கு 2024ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் இதில் தளர்வு தந்தது. நாடகத்தில் இந்தக் கட்டம் வந்தால் பழைய உரையை அப்படியே எடுத்துப் போடக் கூடாது.

விடுதியில் கேட்பவர்கள்

தமிழ் வானொலியைக் கேட்கும் இளையரில் பலர் இங்கே பிறந்தவர்கள் இல்லை. இருபதுகளில் தமிழ்நாட்டிலிருந்து வந்து கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் தம்பிகள், விடுதியில் படுக்கையில் கிடந்தபடி காதில் மாட்டிக் கேட்கிறார்கள். அவர்களைச் சேர்க்காத நிகழ்ச்சி பாதி நிகழ்ச்சிதான். ஆனால் அவர்களுக்குச் சொல்லும் செய்தி வேறு. வேலை அனுமதிக்கான மருத்துவப் பரிசோதனையில் எச்ஐவி சோதனையும் அடங்கும். அதில் தொற்று உறுதியானால் அனுமதி ரத்தாகும். இதை மறைத்துவிட்டு “தைரியமாகப் போய்ப் பரிசோதியுங்கள்” என்று சொல்வது அநியாயம். பெயர் கேட்காத பரிசோதனை தனி என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போகும் தூரத்தில், கிளந்தான் லேனில் உள்ள டிஎஸ்சி மருந்தகத்தைச் சுட்டலாம். ஞாயிறு தவிர வேறு நாளில் விடுப்பு கிடைக்காதவருக்கு எந்த இடம் எந்த நேரத்தில் திறந்திருக்கும் என்பதுதான் முதல் கேள்வி. ஊர் திரும்ப நேர்ந்தாலும் வழி அடைபடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: இந்தியாவில் 2004 ஏப்ரலில் தொடங்கிய அரசாங்கத் திட்டத்தில் ஏஆர்டி மையங்கள் எச்ஐவி மருந்தை இலவசமாகத் தருகின்றன, தாம்பரம் அரசு மருத்துவமனை அதன் முதல் மையங்களுள் ஒன்று. தனியாக அழுதுகொண்டிருக்கும் ஒருவருக்கு இந்த ஒரு வாக்கியம் உயிர்க்கயிறு.

பயன் தெரிந்துகொள்ள

பதிவிறக்க எண்ணிக்கையைப் பார்த்து மகிழ வேண்டாம். செயலித் துண்டை எத்தனை பேர் கடைசி நிமிடம்வரை கேட்டார்கள் என்று பாருங்கள். போக வேண்டிய இடமும் நேரமும் அந்த நிமிடத்தில்தான் இருக்கும். எல்லாரும் ஆணுறைப் பகுதியில் விட்டுப்போனால் அந்த இடத்தில் அறிவிப்பாளரின் தொனியில் ஏதோ கோளாறு. பரிசோதனை நடத்தும் இடத்தோடு பேசி, பெயரில்லாத படிவத்தில் “எங்கே கேள்விப்பட்டீர்கள்?” என்ற வரியில் தமிழ் வானொலிக்கு ஒரு கட்டம் சேர்க்கக் கேளுங்கள். ஆள் ஆளுக்குத் தனி இணைப்பு அனுப்பி யார் சொடுக்கினார் என்று பார்ப்பதைத் தொடவே வேண்டாம். தொடருக்கு முன்னும் பின்னும் 30 பேரிடம் ஆறே கேள்வி கேட்டாலும் நிறையத் தெரியும், அவற்றில் நான்கு செயலைப் பற்றியவையாக இருந்தால்: எத்தனை மணி நேரம், எந்த இடம், எத்தனை நாள், எந்த எண்ணெய் கூடாது.

ஒலிபரப்பு நாளைப் பற்றிக் கடைசியாக ஒன்று. எல்லாரும் டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் தினத்தன்று பேசிவிட்டு டிசம்பர் 2ல் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். தேர்வுகள் முடிந்து பாலிடெக்னிக் விடுமுறை தொடங்கும் வாரம், தேசிய சேவைக்குப் போகுமுன் வரும் வாரம், ஆண்டிறுதி விருந்துகளுக்கு முந்திய வாரம் ஆகியவற்றில் எட்டு அத்தியாயங்களையும் பிரித்துப் போட்டு, ஆண்டில் மறுபடியும் ஒரு சுற்று ஓட விடுங்கள். மருந்தகங்களின் நேரம், கட்டணம், முகவரி மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மறுஒலிபரப்புக்கும் அந்த வாரத்திலேயே தொலைபேசியில் அழைத்துச் சரிபார்க்க வேண்டும். தொலைபேசி எண்ணை நான்கு நான்கு இலக்கமாகப் பிரித்து, நடுவில் மூச்சு விட்டு, இரண்டு முறை சொல்ல வேண்டும். இந்த விவரங்கள் வரும் கடைசி 45 விநாடியை மட்டும் தனிக் கோப்பாகப் பதிந்து வைத்திருந்தால், ஏதாவது மாறும்போது அதை மட்டும் புதிதாகப் பதிந்து ஒட்டிக்கொள்ளலாம். நாடகத்தைத் தொட வேண்டியிருக்காது.